பனிச்சங்கேணியில் ஒரு திருத்தம்

செங்கலடிச் சந்தியில் இறங்கியபோது பகல் பதினொன்று நாற்பது. பதுளையில் காலை ஆறேகாலுக்கு நான் ஏறிய பஸ், லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று மலையை விட்டு இறங்கி, ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடி, என்னையும் என் பையையும் வெயிலில் விட்டுவிட்டு மட்டக்களப்புப் பக்கம் திரும்பியது. ரிக்கற் ஐந்நூற்றெண்பது ரூபாய். மகாஓயாவிலேயே கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஜன்னலால் வந்ததைக் காற்று என்று சொல்ல மனம் வரவில்லை. அடுப்பு வாயில் முகத்தை வைத்தது போல இருந்தது. இங்குள்ளவர்கள் அதைக் கச்சான் என்கிறார்கள். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கிவரும் ஆகஸ்ட் மாதக் காற்று.

சந்தியில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தேன். ஐம்பது ரூபாய். கடைக்காரர் என் பையையும் கமெராவையும் பார்த்தார்.

“தனியாவா வந்திரிக்கீங்க?”

“ஆமாங்க.”

“பாசிக்குடா பாக்கவோ?”

“இல்லைங்க. பனிச்சங்கேணிக்கு. தும்பி பார்க்க.”

“தம்பியப் பாக்கவோ! தம்பி அங்க என்ன வேலை?”

பஸ்களின் இரைச்சலில் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. திருத்தியிருக்கலாம். ஆனால் தும்பி பார்க்க நூற்றைம்பது கிலோமீற்றர் வந்தேன் என்பதைவிடத் தம்பி பார்க்க வந்தேன் என்பது நல்ல காரணமாகத் தெரிந்தது. எனக்குத் தம்பி இல்லை. “மீன் வியாபாரம்” என்றேன். “நல்லது, கவனமாப் போங்க” என்று மிச்சக் காசைக் கையில் வைத்தார்.

இந்தப் பயணம் எதற்கென்று வாசிப்பவர்களுக்காவது ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

மக்ரோடிப்ளாக்ஸ் என்பது தும்பிகளில் ஒரு பேரினம். உலகம் முழுவதிலும் அதில் இரண்டே இனங்கள். ஒன்றின் பெயர் பால்தியேற்றா. அமெரிக்காவின் தென்பகுதி, மெக்சிக்கோ, கரீபியன் தீவுகள் அதன் இடம். மற்றதன் பெயர் கோரா. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் தொடங்கி, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியாவின் வடக்கு, அப்பால் பசிபிக் தீவுகள் வரை கரையோரமாகவே அது வாழ்கிறது. மற்றத் தும்பிகள் பெரும்பாலும் நன்னீர் தேடி முட்டையிட, இவை இரண்டும் உப்புக்குப் பழகியவை. கடல் உள்ளே புகுந்து நிற்கும் களப்பின் ஓரம், கடல்நீர் கலந்த குட்டை, முகத்துவாரம் என்று, தட்டையான, நிழல் குறைந்த, காற்று ஓயாத இடங்களில்தான் இருக்கும். வேறு உறவு இல்லாத இரண்டு இனங்கள், நடுவில் பெருங்கடல்.

நான் பதுளையில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, நுணுக்குக்காட்டியைத் துடைத்துவைப்பது, போத்தலில் உள்ள தவளைக்குத் திரவம் மாற்றுவது என் வேலை. வயது ஐம்பத்தொன்று. தும்பி பார்க்கும் பழக்கத்தை எனக்குத் தந்தவர் உயிரியல் ஆசிரியை நிர்மலா டீச்சர். மட்டக்களப்பில் கல்லடியைச் சேர்ந்தவர். மாற்றலாகிப் பதுளைக்கு வந்து பதினாறு வருடம் எங்களோடு இருந்தார். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஓடையோரமாக நடப்போம். அவர் பெயர் சொல்வார், நான் படம் எடுப்பேன். படித்தவருக்கும் போத்தல் கழுவுகிறவளுக்கும் இடையில் இருக்கவேண்டிய தூரம் அந்த ஓடையோரத்தில் மட்டும் இருக்காது.

ஒன்பது வருடங்களுக்கு முன் பாடசாலைச் சுற்றுலா பாசிக்குடாவுக்குப் போனது. பிள்ளைகள் கடலில் இறங்கிய நேரம், நாங்கள் இருவரும் ஒரு வாடகை வான் பிடித்துப் பனிச்சங்கேணி வரை போய்வந்தோம். அங்கே ஒரு குட்டையோரம், கோரை நுனியில், சிவப்புத் தும்பி ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு இருந்தது. எடுத்தது ஒரே படம். பதுளைக்கு வந்து பார்த்தால் அதன் முதுகில் கறுப்பு தெரிந்தது. மக்ரோடிப்ளாக்ஸ் கோரா என்றேன் நான். டீச்சர் தலையாட்டவில்லை. “இது உரோதெமிஸ், ராஜி. செட்டையடியில பெரிய கறை, பாரு. அது எங்கயும் கிடக்கிற தும்பி” என்று, சிறகு உடலோடு சேரும் இடத்தைக் காட்டினார்.

நான் கேட்கவில்லை. தும்பி பார்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் படத்தைப் போட்டேன். எங்கெங்கே எந்தத் தும்பி என்று பட்டியல் வைத்திருப்பவர் ஏற்றுக்கொண்டார். இடம் பனிச்சங்கேணி, கண்டவர் இராஜேஸ்வரி, பதுளை என்று பட்டியலில் ஏறியது. என் பெயர் நாலுபேர் பார்க்க எழுத்தில் வந்த ஒரே இடம் அதுதான்.

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தபோது டீச்சர் சிரித்துக்கொண்டே, “ராஜி தான் பாக்க ஆசைப்பட்டதைப் பாத்திரிக்கிறா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, “உங்களுக்குப் பட்டம் இருக்கு, பேர் இருக்கு. எனக்குக் கெடைச்ச ஒண்ணையும் ஏன் டீச்சர் பறிக்கிறீங்க?” என்று கேட்டேன். அதோடு சனிக்கிழமைகள் நின்றன. அடுத்த வருடம் அவர் தன் அண்ணனிடம் கனடாவுக்குப் போய்விட்டார். டொரண்டோவில் இருக்கிறார். அந்தப் பேரினத்தின் இரண்டு இனங்களில் ஒன்றும் அந்தக் குளிரில் இல்லை.

சென்ற யூலையில் பட்டியல்காரர், மூலப்படத்தைப் பெரிதாக அனுப்பமுடியுமா என்று எழுதினார். பாடசாலைக் கணினியில் திறந்து பார்த்தேன். ஒன்பது வருடம் கைபேசியின் சின்னத் திரையில் பார்த்துவந்த படம். பெரிய திரையில் அந்த முதுகுக் கறுப்பின் ஒரு ஓரம் தும்பியின் உடலைத் தாண்டிக் கோரைத் தண்டிலும் ஓடியது. அல்லது ஓடுவது போல இருந்தது. கணினியை அணைத்துவிட்டேன். ஆகஸ்ட் விடுமுறை வரும்வரை சரியாகத் தூங்கவில்லை.

செங்கலடியிலிருந்து வாழைச்சேனைக்குப் பஸ் தொண்ணூறு ரூபாய், அங்கிருந்து கல்குடாவுக்கு ஓட்டோ ஐந்நூறு. பிற்பகல் ஒன்றரைக்கு விடுதி வீட்டை அடைந்தேன். வீட்டுக்காரம்மா அறையைத் திறந்து காட்டினார். இரண்டு கட்டில், இரண்டு தலையணை, சுவரில் இரண்டு துவாய்.

“ரெண்டாள் ரூம்தான் இரிக்கு. ஒராள் எண்டாலும் நாலாயிரம்தான். காலைச் சாப்பாடு சேத்து.”

“பரவாயில்லைங்க.”

“மத்தவ மறுகா வருவாவோ?”

“இல்லைங்க. நான் மட்டும்தான்.”

அன்று மாலை கடற்கரைக்குப் போனேன். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு பெண் தன் கைபேசியை என்னிடம் நீட்டித் தங்கள் எல்லோரையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். “நீங்களும் நில்லுங்க, எடுத்துத் தாறன்” என்றாள். வேண்டாம் என்று சொல்லி அறைக்குத் திரும்பினேன்.

இரண்டாம் நாள். காலை ஆறு நாற்பதுக்கு வாழைச்சேனையில் வாகரை பஸ். பனிச்சங்கேணிக்கு நூற்றுமுப்பது ரூபாய். ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. மாங்கேணி, காயங்கேணி என்று பலகைகள் வந்தன. வலப்பக்கம் மரங்களுக்கிடையில் கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. இடப்பக்கம் பற்றைக்காடும் வெட்டிமுடிந்த வயல்களும். ஏழரைக்குப் பனிச்சங்கேணிப் பாலத்துக்கு முன்னால் இறங்கினேன். என்னோடு இறங்கியது ஒரு மூட்டை வெங்காயம் மட்டும். அதை எடுத்துப்போக ஒருவர் சைக்கிளோடு காத்து நின்றார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய குட்டையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்று அந்த வாடகை வானிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நடந்த ஞாபகம். எந்தப் பக்கம் என்ற ஞாபகம் இல்லை. களப்போரச் சேற்றில் போய், திரும்பி, மணல் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது தண்ணீரிலிருந்து ஒரு குரல்.

“என்னகா, நிலம் அளக்கவோ வந்திரிக்கீங்க?”

இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் குந்தியிருந்தார். கைகள் இரண்டும் நீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தன. கழுத்திலிருந்து ஓலைப் பறிக்கூடை ஒன்று தொங்கியது. அவர் கை வெளியே வந்தபோது அதில் ஒரு இறால் துள்ளியது. பறிக்குள் போட்டுவிட்டு மீண்டும் என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“இல்லைங்க. தும்பி பார்க்க வந்தேன்.”

“இறால் பண்ணைக்கு எண்டு வாற ஆக்களும் இப்பிடித்தான். முதல்ல படம் எடுப்பாங்க. மறுகா வேலி வரும். எங்கட வாய்க்கு மண்தான்.”

கரையில் உட்கார்ந்து கைபேசியில் படத்தைக் காட்டினேன். அவர் தண்ணீரை விட்டு ஏறி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, கைபேசியைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். பிறகுதான் முகம் இளகியது. பெயர் பூமணி என்றார். பாலத்தடிப் பக்கம்தான் வீடு.

“கோரை நிக்குதே... இது இந்தப் பக்கம் இல்லகா. வட்டைக்குப் போற வழியில ஒரு குளி இரிக்கு. அங்கதான் இப்பிடிக் கோரை. வாங்க.”

வட்டை என்றால் இங்கே நெல்வயல் வெளி. களப்பை விட்டு விலகி, வெட்டிய தாள் நிற்கும் வயலோரமாக நடந்தோம். வரப்பு முடியும் இடத்தில் குட்டை இருந்தது. பார்த்ததும் தெரிந்தது. அதே சரிவு, அதே கோரைக் கூட்டம். அன்று டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மேட்டில் இப்போது இரண்டு மாடுகள் நின்றன.

கோரை நுனிகளில் சிவப்புத் தும்பிகள் இருந்தன. ஒன்றல்ல, ஏழெட்டு. செட்டையடியில் பெரிய செம்பழுப்புக் கறை. முதுகு சுத்தமான சிவப்பு. வால் நுனியில் மட்டும் கறுப்புப் புள்ளி. உரோதெமிஸ்.

“இந்தத் தண்ணி உப்பாங்க?” என்று கேட்டேன்.

“இதுவோ? மாடு குடிக்கிற தண்ணிகா இது. ஒள்ளம் வாயில வைச்சுப் பாருங்க.”

கையில் கொஞ்சம் அள்ளி நாக்கில் வைத்தேன். சேறு மணத்தது. உப்பில்லை. அன்று இதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. களப்பு பக்கத்தில் இருந்ததால் எல்லாத் தண்ணீரும் உப்பு என்று நினைத்துவிட்டேன்.

பூமணி தன் வேலைக்குத் திரும்பினார். நான் பகல் முழுவதும் அங்கே இருந்தேன். வெயில் ஏற ஏறக் கோரைத் தாள்களின் நிழல் தும்பிகளின் மேல் விழுந்தது. ஒரு தும்பியின் முதுகு நெடுக ஒரு நிழல் கோடாக விழுந்து, காற்றில் தாள் அசைந்ததும் விலகியது. மறுபடி விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இங்கே இருப்பவை உரோதெமிஸ் என்பதால் அன்று இருந்ததும் உரோதெமிஸ் ஆகிவிடுமா? களப்பு இவ்வளவு அருகில் இருக்கிறதே, ஒன்று வழிதவறி வந்திருக்கக்கூடாதா? எனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். உண்மையான கோராவை நான் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பது அந்த வாதத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது.

மூன்று மணிக்குப் பஸ்ஸுக்கு வரும்போது பாலத்தடியில் பூமணி, வேறு நான்கு பெண்களோடு உட்கார்ந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பூமணி குரல் கொடுத்தார்.

“கண்டீங்களோ?”

“அது வேறங்க. நான் தேடுறது உப்புத் தண்ணியில இருக்கும்.”

“அத முதல்லயே சொல்லியிரிக்கலாமே. முகத்துவாரத்துப் பக்கம் ஒண்டு திரியும். செகப்புத்தான். வலை கட்டுற கம்பு நுனியில வாலத் தூக்கிக்கொண்டு இரிக்கும். நாளைக்கு வெள்ளன வாங்க. காத்து கூடினா அது நிக்காது.”

மூன்றாம் நாள் அதே பஸ். ஏழரைக்குப் பூமணி பாலத்தடியில் நின்றார். இருபது நிமிடம் மணலில் நடந்தோம். ஆகஸ்டில் களப்பு வற்றி, கடலுக்கும் அதற்கும் நடுவில் மணல் திட்டு ஏறியிருந்தது. உட்பக்கம் முழங்காலளவு தண்ணீர். அதில் வரிசையாகக் கம்புகள். அப்பால் கடலின் இரைச்சல். நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை.

“அந்தா” என்றார் பூமணி.

மூன்றாவது கம்பின் நுனியில் இருந்தது. முன்னோக்கிச் சாய்த்த செட்டைகள், மேலே தூக்கிய வால், காற்று வரும் திசைக்குத் திருப்பிய முகம். காற்று அதைத் தள்ளியது. தள்ளியதும் எழும்பி, ஒரு சிறு வட்டம் போய், அதே நுனிக்கே திரும்பியது. செங்கல்தூள் நிறச் சிவப்பு. அதன் முதுகில், முதல் தொட்டு நுனிவரை, கறுப்பு ஆப்பு ஆப்பாக இறங்கியிருந்தது. அது நிழலைப்போல மேலே படிந்த கறுப்பு அல்ல, உடம்பிலேயே ஊறிய கறுப்பு. செட்டையடியில் ஒரு சொட்டுத் தேயிலைச் சாயம் விழுந்தாற்போல வெளிர்மஞ்சள், அவ்வளவுதான். இதற்கும் என் படத்தில் இருந்ததற்கும் குழப்பமே வராது. ஒருமுறை பார்த்தவர்களுக்கு வராது.

முட்டி நனைய இறங்கிப் போய் முப்பது, நாற்பது படம் எடுத்தேன். கைபேசியிலும் ஒன்றிரண்டு எடுத்தேன். முதலில் வந்தது சந்தோசம்தான்; அதை மறைக்க வேண்டியதில்லை. கடல் கடந்தும் திரியும் ஒரு உயிர், என்னிலிருந்து பத்தடியில், கம்பைப் பற்றிக்கொண்டு நின்றது. “பாருங்க டீச்சர்” என்று குரல் தானாக எழுந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பூமணி கரையில் நின்று கொண்டையை முடிந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. நான் ஒன்பது வருடம் என் பெயரோடு வைத்திருந்தது பொய்.

கரைக்கு வந்தேன்.

“இதுதானே?” என்றார் பூமணி.

“இதுதாங்க.”

“கண்டும் முகம் வாடிப்போச்சே, ஏன்கா?”

சொன்னேன். படத்தையும் பட்டியலையும் ஆசிரியர் அறையையும் சொன்னேன். ஒன்பது வருடத்தில் யாருக்கும் சொல்லாததை, முந்தின நாள் அறிமுகமான ஒருவருக்கு மணலில் நின்றபடி சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

“இதுக்கோ இந்த யோசனை? இடம் பனிச்சங்கேணிதானே? தும்பியும் இரிக்குதானே? பழைய படத்த எடுத்திட்டு இதப் போடுங்களன். ஆர் கேக்கப் போறாங்க?”

ஒருவரும் கேட்கப்போவதில்லை. வாழைச்சேனைக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையேதான் நினைத்தேன். பட்டியல்காரர் பெரிய படம்தான் கேட்டார். ‘பழையது தெளிவில்லை, அதே இடத்தில் எடுத்த புதிய படம் இதோ’ என்று அனுப்பினால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதிவு நிற்கும், பெயர் நிற்கும். உலகத்தில் இதை அறிந்தவர்கள் நானும் பூமணியும் மட்டும். பூமணிக்கு அந்தக் குழு இருப்பதே தெரியாது. இன்னொருவருக்கும் தெரியும். அவர் ஆரம்பத்திலேயே சொன்னவர்.

விடுதி வாசலில் உட்கார்ந்து, மாலை ஐந்து மணிக்குக் கைபேசியில் எழுதினேன். முதலில் எழுதியது அந்தப் பொய்யில்லாத பொய்தான். வாசித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அழித்தேன். பிறகு எழுதியது இது: ‘ஒன்பது வருடங்களுக்கு முன் பனிச்சங்கேணியில் நான் பதிந்தது மக்ரோடிப்ளாக்ஸ் அல்ல, உரோதெமிஸ். முதுகில் தெரிவது கோரையின் நிழல். அப்போதே என்னோடு வந்த நிர்மலா டீச்சர் சரியாகச் சொன்னார், நான் ஏற்கவில்லை. பதிவை நீக்கிவிடுங்கள். மன்னிக்கவும்.’

அனுப்பிவிட்டு, யாரோ கதவைத் தட்டப்போகிறார்கள் என்பது போல இருந்தேன். நான்கு நிமிடத்தில் பட்டியல்காரர் எழுதினார்: ‘சரி, நீக்கிவிட்டேன். நன்றி.’ மூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அதற்கடுத்து ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துத் தும்பியின் படத்தைப் போட்டு, இது என்ன என்று கேட்டார். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். ஒன்பது வருடம் நான் மாரோடு அணைத்து வைத்திருந்ததற்கு அங்கே இருந்த இடம் நான்கு நிமிடம்.

புதிய படத்தை நான் இன்னும் அனுப்பவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதை டீச்சருக்கு முதலில் அனுப்பினேன். ஆசிரியர்கள் குழுவில் அவருடைய இலக்கம் இருந்தது, ஒருநாளும் எழுதியதில்லை. ‘டீச்சர், நான் ராஜி. பனிச்சங்கேணிக்கு வந்தேன். நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி. அது உரோதெமிஸ். குழுவிலயும் எழுதிட்டேன். உண்மையான கோரா இதுதான், இன்னைக்குப் பார்த்தேன். என்னை மன்னிச்சிடுங்க.’ ஒற்றைக் குறி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரட்டைக் குறி. வாசித்ததற்கான நீலம் வரவில்லை.

வீட்டுக்காரம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் இறால் குழம்பும் வைத்தார். “நாளைக்கும் நிப்பீங்களோ?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குச் செங்கலடியில் பதுளை பஸ். ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, பையை வைத்துக்கொண்டேன். வயல் வெளிகள் பின்னால் போய், காடு தொடங்கி, தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்துத் தும்பிகளை நினைத்தேன். மலை ஓடைகளில் இருப்பவை பெரும்பாலும் நிழலை விரும்புகிறவை. ஒரு ஓடையில் பிறந்தால் அதே ஓடை, அதே கல். காட்டை வெட்டினால் அதோடு போய்விடும். கோரா அப்படியில்லை. காற்று தள்ளிய இடத்தில் உப்புத் தண்ணீர் இருந்தால் போதும், அங்கே ஒரு கம்பு தேடி நிற்கும். இரண்டில் எது நல்ல பிழைப்பு என்று எனக்குத் தெரியவில்லை. நான் முதல் வகை என்பது மட்டும் தெரியும்.

ஒன்பதரைக்கு மகாஓயாவில் தேநீருக்கு நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. அப்போதுதான் பதில் வந்தது.

‘ராஜி! எத்தினை வருசம். படம் நல்ல வடிவு. ஆனா அந்தச் சண்டை எனக்கு ஞாபகமே இல்ல. தும்பிக்கோ சண்டை பிடிச்சம்? எனக்கு ஞாபகம் நான் வெளிக்கிட்ட நாள்தான். எட்டரை பஸ் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருந்தன். நீ வருவாய் எண்டு கொழும்பு பஸ் நிக்கிற இடத்தில பாத்துக்கொண்டு நிண்டன். ரெண்டு பஸ்ஸ விட்டிட்டு மூண்டாவதிலதான் ஏறினன். உனக்கு என்னவும் வருத்தமோ எண்டு யோசிச்சன். சுகமா இரிக்கிறியா?’

மூன்று தரம் வாசித்தேன்.

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. விடுப்பு எடுத்திருந்தேன். உடம்புக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எட்டரைக்குப் பஸ் என்று தெரியும். என் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. சேலை உடுத்தி, பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முதலில் மன்னிப்புக் கேட்டு அழைக்கட்டும் என்று ஒரு எண்ணம். மணிக்கூட்டில் எட்டரை தாண்டியதும், இனிப் போனாலும் பயனில்லை என்று எழுந்து, சேலையை மாற்றி, உலையை வைத்தேன். அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. மூன்றாவது பஸ் என்றால், அவர் பத்து மணிவரை நின்றிருக்கிறார்.

நான் திருத்தப் போன பிழை அவருக்கு நினைவில்கூட இல்லை. அவர் நினைவில் வைத்திருந்தது, பிழை என்று ஒருநாளும் நான் எண்ணாத ஒன்று.

பிபிலை தாண்டியதும் பதில் எழுதத் தொடங்கினேன். ‘சுகமா இருக்கேன் டீச்சர்’ என்று எழுதி அழித்தேன். ‘அன்னைக்குக் காய்ச்சல்’ என்று எழுதினால் அவர் நம்புவார். நம்பியதில் சந்தோசப்படவும் கூடும். அதையும் அழித்தேன். லுணுகலைக்குக் கிட்ட, வளைவில் சிக்னல் விட்டுவிட்டு வந்த இடத்தில் எழுதினேன்: ‘வருத்தம் இல்ல டீச்சர். நான் வீட்டிலதான் இருந்தேன். வேணும்னேதான் வரல.’ ஒற்றைக் குறியோடு நெடுநேரம் நின்றது. ஒரு மேட்டில் ஏறியபோது இரட்டைக் குறி விழுந்தது.

பதுளையில் இறங்கும்போது பிற்பகல் ஒன்றரை. காற்றில் மலைக் குளிர் இருந்தது. கம்பளிச் சட்டையை மாட்டினேன். வீட்டுக்கு வழி வலப்பக்கம். நான் இடப்பக்கம் திரும்பி, கொழும்பு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். இத்தனை வருடம் அதைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன். ஒரு தூண், உட்கார ஒரு வாங்கு, பழைய ரிக்கற் துண்டுகள்.

நின்றிருந்த பஸ்ஸின் நடத்துநர், “கொழும்புதானே? ஏறுங்க, இன்னும் ரெண்டு சீற் இருக்கு” என்றார்.

“நான் போகலைங்க.”

“ஆரையாவது அனுப்ப வந்தீங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

அந்த பஸ் புறப்பட்டது. அரை மணி நேரத்தில் அடுத்தது வந்து, நிரம்பி, அதுவும் போனது. மூன்றாவது எப்போது என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் செல்லும் என்றார்கள். பையைக் காலடியில் வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்தேன்.